முதலில் ஆட்டம், பிறகு பஜ்ஜி

சத்யப்பிரியா எழுதிய கம்ப்யூட்டர் விளையாட்டை ஆடிப் பார்த்த எல்லோரும் பிரமாதம் என்றுதான் சொன்னார்கள். சொல்லாமல் என்ன செய்வார்கள்? வந்தவர்களுக்கு முதலில் வாழைக்காய் பஜ்ஜியும் டீயும் கொடுத்து உபசரித்த பிறகுதான் அவள் அறைக்குள்ளேயே விடுவாள். வயிற்றில் அவளுடைய பஜ்ஜி இருக்கும்போது வாயில் குறை எப்படி வரும்? கல்யாண வீட்டில் உப்பில்லாத சாம்பாரைக்கூட ஜோர் என்று சொல்லிவிட்டு எழுந்திருப்பவர்கள் நம் ஜனங்கள். சத்யப்பிரியா அந்தப் பிரமாதங்களை அப்படியே நம்பினாள்.

அது 1991. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில், பலராமன் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரில் அவள் பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியைச் சொல்லிக்கொடுத்தாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளி, ஏசி குளிருக்குள் சந்நிதிக்குப் போவதுபோல் பயபக்தியோடு போக வேண்டும். சாயங்காலம் கிளாஸ் முடிந்ததும், யாரும் கேட்காமல், வெறும் ஆசைக்காக அவள் எழுதியதுதான் ‘மதகு’ என்ற அந்த விளையாட்டு.

பச்சைத் திரையில் ஓர் ஏரி. மழை பெய்யப் பெய்யத் தண்ணீர் ஏறும். மூன்று மதகுகள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களைத் தட்டினால் திறக்கும், மறுபடி தட்டினால் மூடும். வயலுக்குத் தண்ணீர் போக வேண்டும், வயல் மூழ்கவும் கூடாது, ஏரிக்கரை உடையவும் கூடாது. தண்ணீர் ஓரமாக, ஆங்கில எழுத்துகளைக் கோத்துச் செய்த கொக்குகள் வரிசையாக நிற்கும். கரை உடைந்தால் கொக்குகள் மொத்தமாகப் பறந்துவிடும். ஆட்டம் முடிந்தது.

மெட்ராஸில் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்தவர்கள் கூடும் ஒரு சங்கம் இருந்தது. சொந்தமாக விளையாட்டு எழுதியவர்கள் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து காட்டலாம் என்று அழைத்திருந்தார்கள். பலராமன் கறாராகச் சொல்லிவிட்டார்.

“இத பாரும்மா, கரண்ட் பில்லு எகிறுது. அங்க நாலு பேரு நல்லா கீதுன்னு சொன்னா, நீ பாட்டுக்கு செஞ்சிக்கினு இரு. இல்லாங்காட்டி இத்தோட வுட்டுடு. அப்புறம் மிஷினு கிளாஸுக்கு மட்டும்தான்.”

சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்குவது அவள் வீட்டில் கனவிலும் நடக்காத காரியம். இந்த மிஷினும் கைவிட்டுப் போனால் விளையாட்டு எழுதும் ஆசையை மூட்டை கட்டி வைக்க வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷாரோன் வந்தாள். காலேஜில் மூன்று வருஷமும் பக்கத்தில் உட்கார்ந்தவள். இப்போது ரேடியோப் பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் செக்கிங் செக்ஷன். ஷிப்ட் முடிந்து நேராக மாடி ஏறியிருந்தாள்.

“பஜ்ஜி சாப்புடுடி, ஆறிடப் போவுது.”

“மொதல்ல ஆட்றேன். பஜ்ஜி அப்புறம்.”

சத்யப்பிரியாவுக்கு அதுவே சுருக்கென்றது. வழக்கம்போல நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். “இப்ப ரெண்டாவது மதகைத் தொற. அய்யோ, அத்த மூடு...”

ஷாரோன் திரும்பிப் பார்த்தாள். “ஏண்டி, மெட்ராஸ்லயும் ஒவ்வொருத்தர் காதாண்டயும் நின்னுகினு சொல்லிக் குடுப்பியா? வெளிய போ.”

வெளியே போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் பாவம். வாயைப் பொத்திக்கொள்வது அவளுக்கு வராத வித்தை. உள்ளே கரை உடைந்தது. ஷாரோன் மறுபடி ஆடினாள், மறுபடி உடைந்தது. மூன்றாம் தடவையும் உடைந்ததும் எழுந்து வந்தாள்.

“ஏன் ஒடையுதுன்னே எனக்குத் தெரியல.”

“மேல மூலையில தண்ணி எவ்ளோன்னு நம்பர் வருதில்ல?”

“மதகைப் பாப்பனா, வயலைப் பாப்பனா, மூலையில நம்பரைப் பாப்பனா?”

சத்யப்பிரியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஊரே நல்லாருக்குன்னு சொல்லுது, உனக்கு மட்டும் நொள்ளை. கம்பெனியில பெட்டியை ரிஜெக்ட் பண்ணிப் பண்ணி உன் வாயே அப்படி ஆயிப்போச்சு.”

ஷாரோனுக்குக் கோபம் வரவில்லை. “வெறும் ரிஜெக்ட்னு எழுதி அனுப்பினா சூப்பர்வைசர் எங்களைத்தான் திட்டுவாரு. எந்த எடத்துல இன்னா ஆச்சுன்னு சீட்டுல எழுதிக் கட்டணும். அப்பதான் ரீவொர்க்ல கீற பொண்ணு அந்த எடத்தை மட்டும் பிரிச்சு சரி பண்ணுவா. தூக்கிப் போட்றதுக்கு இல்லடி செக்கிங். பெட்டி பாடணும்னுதான்.”

சத்யப்பிரியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“தண்ணி வயலுக்குப் பாயும்போது ஒரு சத்தம் வருது பாரு, அதுக்காவே தொறந்து தொறந்து பாத்தேன். கொக்கும் ஜோரா கீது. அது பறந்தப்பதான் அய்யோன்னு ஆச்சு. ஆனா அதுக்குள்ள கரை பூட்ச்சு. நடு மதகை வேணா எடுத்துடேன், ரெண்டு போதும்.”

“நடு மதகு இருந்தாத்தான் அது ஆட்டம்.”

“சரி, வெச்சுக்கோ. ஆட்டம் உன்னுது. எங்க இடறுதுன்னு சொல்றதுதான் என் வேலை.”

கீழே ஊர் பஸ் ஹாரன் அடித்தது. ஷாரோன் படியிறங்கி ஓடினாள். பஜ்ஜி தொடப்படாமல் கிடந்தது. ஆத்திரத்தில் சத்யப்பிரியா அத்தனையையும் தானே தின்னத் தொடங்கினாள். பாதியில் கை நின்றது. தண்ணீர் ஏறினால் கொக்குக்கு நிற்க இடம் ஏது? கால் மூழ்குவதற்கு முன்னாலேயே பறந்துவிடாதா? தினமும் ஏரிக்கரை ஓரமாக பஸ்ஸில் வந்து போகிறவள், பார்க்காத காட்சியா? கரை உடையும்வரை அந்தப் பறவைகளைப் பிடித்து நிறுத்தி வைத்தது தானேதான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமை கிளாஸ் முடிந்ததும் உட்கார்ந்து மாற்றினாள். தண்ணீர் ஏற ஏற, கொக்குகள் ஒவ்வொன்றாகப் பறந்தன.

ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸ் கூடத்தில் தாடிக்காரர் ஒருவர் அவள் மேஜையில் வந்து உட்கார்ந்தார். சத்யப்பிரியா உதட்டைக் கடித்துக்கொண்டு நான்கடி தள்ளிப் போய் நின்றாள். முதல் கொக்கு பறந்தது. அவர் கவனிக்கவில்லை. அவளுக்கு உயிர் போயிற்று. இரண்டாவது பறந்தது.

“அட, கொக்கு போவுதே!” என்றார் அவர். சட்டென்று மதகைத் தட்டினார். தண்ணீர் சத்தத்தோடு வயலுக்குப் பாய்ந்தது. கரை நின்றது. பின்னால் நின்றவர்கள் “மூணாவதைத் தொறங்க சார்!” என்று கத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த மேஜைக்கு முன்னால் வரிசையே நின்றது.

சத்யப்பிரியாவின் கண் கலங்கிவிட்டது. பஜ்ஜி தின்றவர்கள் சொன்ன பிரமாதம் ஒன்றுகூட அங்கே அவளுக்குத் துணைக்கு வரவில்லை. கொக்கு பறந்தப்பதான் அய்யோன்னு ஆச்சு என்று ஷாரோன் சொன்னது மட்டுமே வந்தது. எட்டு மணி நேரம் நின்ற காலோடு மாடி ஏறி வந்து, தோற்றுத் தோற்று ஆடி, உண்மையைச் சொல்லிவிட்டு, திட்டும் வாங்கிக்கொண்டு பசியோடு போனவள். அவளுக்கு எப்படி நன்றி சொல்வது என்று பூந்தமல்லி தாண்டும்வரை பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தாள்.

திங்கட்கிழமை விஷயத்தைக் கேட்ட பலராமன் சிரித்தார். “அப்ப செய், இன்னா இப்போ! மிஷினு சும்மாதான கீது.”

சாயங்காலம் ஷாரோன் வந்தாள். சூடான பஜ்ஜி தயாராக இருந்தது.

“மொதல்ல ஆடு. பஜ்ஜி அப்புறம்,” என்றாள் சத்யப்பிரியா. யாரும் சொல்லாமலே வெளியே போய் நின்றுகொண்டாள்.

இந்த முறை கரை உடையவில்லை. மழை ஓய்ந்தது. கொக்குகள் திரும்பி வந்து இறங்கின. கடைசித் திரையில், ஆங்கில எழுத்துகளில் தமிழ், இரண்டு வரி வந்து மறைந்தது.

செய்தது சத்யப்பிரியா.
குறை சொன்னது ஷாரோன்.

ஷாரோன் இருட்டிப்போன திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்தாள். துப்பட்டா முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“ஒரு கொறை கீதுடி.”

“சொல்லு.”

“அந்தப் பேரு வந்த ஒடனே பூடுது. இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டும்.”

பஜ்ஜிப் பொட்டலத்தை அவள் கையில் திணித்துவிட்டு சத்யப்பிரியா உள்ளே ஓடினாள்.