தள்ளிவைத்த இடம்

2019 மே 14, செவ்வாய்க்கிழமை. மினியாபோலிஸ் மருத்துவமனை ஒன்றின் நான்காம் மாடியில், பக்கவாத ஆய்வுக் குழுவின் வாராந்தரக் கூட்டம் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கியது.

தோவா லிண்ட்க்விஸ்ட் அந்தக் குழுவின் ஒருங்கிணைப்பாளர். ஆய்வில் சேர்ந்த நோயாளிகளைச் சோதனைக்கு வரவழைப்பது, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று போனில் விசாரிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. மருத்துவம் படிக்கக் காத்திருப்பவர்கள் பார்க்கிற வேலை அது. ஆளெடுக்கும்போது குழுத் தலைவர் டாக்டர் கார்விக் ஒரு கேள்வி கேட்பார்: "ரெண்டு வருஷம் இருப்பேல்ல?" எல்லோரும் "கண்டிப்பா" என்பார்கள். கல்லூரியில் இடம் கிடைத்ததும் முதல் வருடமே கிளம்பிவிடுவார்கள். தோவா அந்தக் "கண்டிப்பா"வை நிஜமாகவே சொல்லியிருந்தாள்.

மார்ச்சில், இரண்டாம் முயற்சியில், பக்கத்து மாநிலத்து மருத்துவக் கல்லூரி ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்தது. டாக்டரிடம் போய்ச் சொன்னாள்.

"அட, பிரமாதம்! ஆனா நீ பாதியில போயிட்டா நம்ம நோயாளிங்க கதி? சேர்றதை ஒரு வருஷம் தள்ளிவைக்கச் சொல்லிக் கேளேன். நானும் ஒரு வார்த்தை எழுதறேன்."

எழுதினார். கல்லூரியும் ஒப்புக்கொண்டது.

"நீ ரெண்டு வருஷம்னு வாக்குக் கொடுத்தே, சரி," என்றாள் ஆய்வு நர்ஸ் வெர்னா, அப்போதே. "டாக்டர் இருப்பாரான்னு கேட்டியா?"

"அதெப்படி வெர்னா கேக்கறது?"

எங்கள் மினியாபோலிஸ் பக்கம் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஒருவர் முகத்துக்கு நேரே அவரைச் சந்தேகிப்பதாக ஆகிவிடும்.

கூட்டத்துக்கு டாக்டர் வீட்டிலிருந்து ஒரு தட்டு எலுமிச்சைக் கேக் வந்திருந்தது. அவரே வெட்டிக் கொடுத்தார். பிறகு சொன்னார்: "ஜூலை ஒண்ணாம் தேதி நான் ஃபீனிக்ஸ்ல ஒரு ஆஸ்பத்திரியில சேர்றேன், வெயில் ஊரு. முப்பது வருஷம் பனி தள்ளியாச்சு, இனிமே ஆளை விடுங்குது முதுகு."

சிரித்தார்கள். வெர்னா சிரிக்கவில்லை.

"அப்ப ஆய்வு?" என்றாள் தோவா.

"இங்க மூடிடறோம். வேற வழியில்லை."

"எப்ப முடிவாச்சு, டாக்டர்?"

"பேச்சு பிப்ரவரியிலயே ஆரம்பிச்சுது. உறுதியாகாம வெளிய சொல்ல முடியாது பாரு."

"நான் மார்ச்ல உங்ககிட்ட வந்தேன்."

எல்லோரும் காபிக் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

"அதனால என்ன, உன் இடம் எங்கயும் ஓடிடாதே," என்றார் டாக்டர். "ஒரு வருஷம் சும்மா கிடைச்சிருக்கு. நல்லா ஊர் சுத்து. உன் வயசுல எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை."

தோவா மாடிப்படிக்குப் போய்க் கல்லூரிக்குப் போன் செய்தாள். இந்த வருடமே சேர முடியுமா என்று கேட்டாள். மறுமுனைப் பெண் அன்பாகத்தான் பேசினாள்: இந்த வருட இடம் காத்திருந்த ஒருவருக்குப் போய்விட்டது, தோவாவின் இடம் அடுத்த வருடம் ஆகஸ்டில். தோவா மூன்று முறை நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அந்த நன்றி அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

திரும்பி வந்தபோது அறையில் வெர்னா மட்டும் இருந்தாள். தட்டில் கடைசித் துண்டு கிடந்தது. அதைக் கடைசி ஆளாக எடுக்க இங்கே யாருக்கும் மனம் வராது. பாதியாக வெட்டி, மீதியை மறுபடி பாதியாக வெட்டி, விரல் நகம் அளவுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

டாக்டர் கதவருகே எட்டிப் பார்த்தார். "தோவா, ஒரு உதவி. ஆய்வு நிக்குதுன்னு நோயாளிங்களுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லிடேன். உன் குரல்தான் அவங்களுக்குப் பழக்கம்."

"மாட்டேன்."

காதில் சரியாக விழாதது போல அவர் நின்றார்.

"அவங்களைக் காட்டித்தானே என்னை இருக்க வெச்சீங்க? அப்பவே கிளம்பறதா இருந்தீங்க. நீங்களே சொல்லுங்க. ஒவ்வொருத்தருக்கும். ஃபீனிக்ஸ்ல வெயில் எப்படின்னும் சொல்லுங்க."

"கோவத்துல பேசறே."

"ஆமா, கோவம்தான்!"

நடைவழியில் போய்க்கொண்டிருந்த இருவர் நின்றுவிட்டார்கள். தோவா தட்டிலிருந்த கடைசித் துண்டை எடுத்து, அவரைப் பார்த்தபடியே வாயில் போட்டு மென்றாள்.

"அம்மாடி," என்றாள் வெர்னா மெல்ல.

டாக்டர் இரண்டு நோயாளிகளுக்குப் போன் செய்தார். மற்றவர்களுக்கு வெர்னா செய்தாள். தோவாவின் வேலை ஜூன் 28இல் முடிந்தது. ஜூலையில் அவள் பக்கத்து நகரமான செயின்ட் பாலில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலைப் பணிக்குச் சேர்ந்தாள். எவ்வளவு காலம் இருப்பாய் என்று கேட்டார்கள். அடுத்த வருடம் ஆகஸ்ட் வரை என்றாள்.