ஓடைக்கரைப் பூ

பசுவைப் புதைத்துவிட்டு வந்த பொன்னுவேல், மண்வெட்டியைக்கூடக் கழுவாமல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். அவன் தாய் இருளாயிதான் பேசிக்கொண்டிருந்தாள். மருமகள் வடிவு வந்து ஒரு போகம் முடியவில்லை, கறவை மாடு போய்விட்டது. இந்த ராசியில்லாத காலடியை வெரசா அவள் பிறந்த அய்யம்பாளையத்துக்கே அனுப்பிவிட வேண்டும் என்றாள். மாடு இழுத்துக்கொண்டு கிடந்த நேரமெல்லாம் கூடவே கிடந்ததில் வடிவுக்கு அழுவதற்கும் தெம்பில்லை.

தொழுவத்தைக் கூட்டும்போது, மிச்சம் கிடந்த புல்லுக்குள் ஒரு கொப்பு அகப்பட்டது. வாடியும் பச்சை மாறாத இலை, நுனியில் ஆரஞ்சு நிறக் குழல் பூ. ஓடைக்கரையில் புல்லோடு புல்லாக அவள்தான் அறுத்திருந்தாள். கீழே அவள் ஊரில் இப்படியொரு செடி கிடையாது.

மறுநாள் வெள்ளனே அதை முந்தானையில் முடிந்துகொண்டு பேத்துப்பாறையிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறினாள். பஜாரில் நாட்டு மருந்து விற்கும் அமானுல்லா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது காட்டுச்செடி இல்லை, பங்களாப் பக்கம் போய்க் கேள் என்றார். கேட் கேட்டாக நின்று பார்த்தாள். கால் கடுத்தது. ஏரிக்கு மேலே ஒரு பங்களாவில் அதே இலை, அதே பூ, ஆள் உயர வேலியாகக் கத்தரிக்கப்பட்டு நின்றது.

தோட்டக்காரர் ஞானவேல் இலையைக் கசக்கி நீட்டினார். குமட்டியது. முன்பிருந்த துரைசானி அழகுக்கு வைத்ததாம், பெயர் செஸ்ட்ரமாம், எந்த மாதமும் இலை கொட்டாதாம். அவர்கள் கப்பலேறி வருஷங்களாகிவிட்டன.

“பழத்தைக் குருவி தின்னுட்டு எச்சம் போடுதும்மா, கண்ட எடத்துல மொளச்சுக் கெடக்கு. நிக்கிற செடியில மாடு வாய் வைக்காது. புல்லோட கலந்து போட்டா தின்னுரும். தின்னா பொழைக்காது.”

இறங்கும் வழியெல்லாம் யோசித்தாள். மாடு தானாக மேய்ந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பொய்யைக் காலமெல்லாம் சுமக்க அவளால் ஆகாது.

“காலடி இல்லைங்க அத்தை, கைதான்,” என்று வாசலிலேயே கொப்பை நீட்டிச் சொன்னாள். “இந்த வெசச் செடியத் தெரியாம நாந்தான் அறுத்துப் போட்டேன்.”

இருளாயி கொப்பை வாங்கி மோந்தாள். எங்கே அறுத்தாய் என்று மட்டும் கேட்டாள்.

மூவரும் ஓடைக்குப் போனார்கள். சரிவு நெடுகப் பூத்து நின்றது. பொன்னுவேல் அரிவாளை ஓங்கி, எங்கே தொடங்குவதென்று தெரியாமல் தாழ்த்தினான். இருளாயி பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

“வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து இங்கதான் தண்ணி எடுக்குறேன்,” என்றாள். “கண்ணுல படல.”

வடிவு ஒரு தூரைப் பிடித்து இழுத்தாள். வேர் அசையவில்லை. கிழவி முழங்காலில் கையூன்றி எழுந்து வந்து, அவள் கைக்குக் கீழே, ஈர மண்ணோடு சேர்த்துப் பற்றினாள்.