ஒரு நிமிடக் கால்

1

இந்தக் கதை என் வலது காலில் தொடங்கியது. ஆகஸ்டில் ஒரு காலை, கொசு ஆய்வாளர் டெல்ஃபின் ப்ரூசார்ட் வந்து அதை ஒரு நிமிடம் இரவல் கேட்டாள்.

லூசியானாவில் எங்களுடையது கரையோர ஊர். கொசுவை எண்ண இங்கே பழைய வழிதான். முழங்கால்வரை துணியை ஏற்றிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். ஒரு நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வந்து உட்கார்ந்தால் அந்தத் தெருவுக்கு மருந்து வண்டி வரும். பத்து வருடமாகத் தன் காலைத்தான் நீட்டினாள். இப்போது ஐந்து மாதக் கர்ப்பம். அதனால் பூட்ஸ், நீளக் காற்சட்டை, இரவல் கால்கள்.

2

நான் எழுதிப் பார்த்த தொடக்கம் ஒன்று: "நாட்டின் சட்டசபையான காங்கிரஸ் கோடை விடுமுறையில் இருந்தபோது—" செய்தித்தாள் வாடை.

தொடக்கம் இரண்டு: "ஒரு பெண் பயந்திருந்தாள்—" பயந்ததாக அவள் சொல்லவில்லை. சொன்னது இது:

"ரத்தம் குடுத்து மூணு வாரமாச்சு. ஸிகா இருக்கா இல்லையான்னு இன்னும் சொல்லல. பரிசோதனைக் கூடத்துல ஆளில்ல. ஆள் போடப் பணம் வாஷிங்டன்லேர்ந்து வரணும். வாஷிங்டன் லீவுல இருக்கு."

"எல்லாருமா?"

"ஏழு வாரம். ஆடாதீங்க. மூணு... நாலு."

[ஸிகா நோய் கொசுவால் பரவும். வயிற்றுப் பிள்ளையின் மூளையைத் தொடும். இதை அடைப்புக்குறிக்கு வெளியே எழுத எனக்குக் கை வரவில்லை.]

3

வில்பர் கிட்ரெல் வாஷிங்டன் சபையில் எங்கள் தொகுதியின் உறுப்பினர். முதல் வரைவில் அவர் கையில் ஒரு கோல்ஃப் மட்டை கொடுத்தேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். வில்லனாக எழுதுவது சுலபம். ஆனால் வில்லனிடம் போய்க் காலைக் கேட்க முடியாது.

விடுமுறைக்கு ஊர் வந்தால், சனிக்கிழமை தீயணைப்பு நிலையத்தில் அவரே இறாலும் சோளமும் வேகவைத்துப் பரிமாறுவார். வரிசையில் டெல்ஃபின் நின்றாள். அவளுக்குப் பின்னால் நான்.

"என்னம்மா டெல்ஃபின், சோளம் போடவா?"

"கால் வேணும் சார்."

"யாரோட காலு?"

"உங்களோடது. ஒரு நிமிஷம். பின்னாடி பழைய டயர் கிடக்கற எடத்துல."

எனக்குப் பின்னால் நின்ற படகுக்காரர் ஹார்லன் சொன்னார்: "குடுங்க வில்பர். தேர்தலப்போ எங்க காலையெல்லாம் பிடிச்சீங்கல்ல."

4

தட்டோடு நாங்களும் டயர்கள் பக்கம் போனோம். முதல் கொசு உட்கார்ந்ததுமே கிட்ரெல் அடித்துவிட்டார்.

"அடிச்சா கணக்கு கெட்டுடும் சார். மறுபடி மொதல்லேர்ந்து."

"கடிக்குதேம்மா."

"ஆமா சார்."

இரண்டாம் முறை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பதினாலு. அவள் தாளில் எழுதினாள். எழுதியபடியே தன் ரத்தத்தைப் பற்றியும் சொன்னாள். குரல் உயரவில்லை.

"செப்டம்பர்ல கூடினதும் மொத வேலை இதுதான்," என்றார்.

"எனக்கு டிசம்பர்ல சார். அது லீவு போடாம வளருது."

"சபாநாயகர் கூப்பிட்டாத்தான் நாங்க கூட முடியும்."

"அப்ப நீங்க அவரைக் கூப்பிடுங்க."

5

முடிவு அ: சிரித்தார், அவள் தோளைத் தட்டினார், இறாலுக்குத் திரும்பினார். நம்பும்படி இருந்தது. அதனாலேயே கிழித்தேன்.

முடிவு ஆ: மறுநாளே சபை கூடி, ஒரே குரலில்— எனக்கே சிரிப்பு வந்தது.

மிச்சம் நான் பார்த்தது மட்டும். கிட்ரெல் தொலைபேசியை எடுத்தார். மணி போய்க்கொண்டிருந்தது. ஹார்லன் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் காற்சட்டையைச் சுருட்டினார்.

"அந்தப் பள்ளத்துப் பக்கமும் எண்ணிடு கண்ணு. நான் நிக்கறேன்."

அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

மறுமுனையில் சபாநாயகர் எடுத்தார். அலைச் சத்தம் எங்களுக்கும் கேட்டது.

"வில்பர் பேசறேன். லீவுல தொந்தரவு பண்றேன்." காலைச் சொறியவில்லை. "இங்க ஒரு பொண்ணு மூணு வாரமா காத்திருக்கா. சபையக் கூட்டணும்."

கடலோரத்தில் நின்றவர் என்ன சொன்னார் என்று நான் எழுதப்போவதில்லை. அந்த வரி உங்களுடையது. சீக்கிரம் எழுதுங்கள், அவள் நின்றுகொண்டிருக்கிறாள்.