லோலுக்குப் பதிலாக யார் குடிப்பது?

சமுலா மலையில் பெண் ஓடிப்போனால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. ஓடிப்போன ஜோடி பிறகு ஒருநாள் பெட்டி பெட்டியாகக் கோலா வாங்கிக்கொண்டு, பேசத் தெரிந்த பெரியவர் ஒருவரை முன்னே விட்டு, பெண்ணைப் பெற்றவர் வீட்டில் வந்து மண்டியிட வேண்டும். அப்பா ஒரு குவளை வாங்கிக் குடித்துவிட்டால் மன்னித்தார் என்று பொருள். குடிக்காவிட்டால் பெட்டிகள் வந்த வழியே திரும்பும்.

லோல் இரண்டு முறை திருப்பி அனுப்பியவர். மகள் பஷ்கு ஒரு தக்காளி லாரிக்காரனோடு போய் ஐந்து வருடம் ஆகிறது. முதல் முறை வந்தபோது அவருக்குக் கோபம் நிஜமாகவே இருந்தது. இரண்டாம் முறை வெறும் வீம்பு. மூன்றாவது முறை வரட்டும், குடித்துவிடலாம் என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தார். அவர்கள் வரவில்லை.

பிறகு ஏக்கம் பிடித்துக்கொண்டது. கறுப்புக் கம்பளிப் பாவாடையோடு எவள் மேட்டில் ஏறி வந்தாலும், சோளக்காட்டில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தபடி நின்றுவிடுவார். ஊரில் எல்லாப் பெண்களும் கட்டுவது அதே பாவாடைதான். ஒருவன் ஒரு நாளில் எத்தனை முறை ஏமாறுவான்?

அந்த ஏக்கத்துக்கும் தாகத்துக்கும் அவர் குடித்தது கோலாதான். அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. குழாயில் வாரத்துக்கு ஒருநாள் கலங்கலாகத் தண்ணீர் வரும்; கோலா வண்டியோ எந்தச் சகதியிலும் தினம் தவறாமல் வந்துவிடும். கோயிலில் மெழுகுவத்திக்குப் பக்கத்திலும் அதுதான், பிள்ளை பெற்றவளுக்கும் அதுதான். ஏப்பம் விட்டால் உடம்பிலுள்ள கெட்டதெல்லாம் வெளியேறும் என்பார்கள். லோல் இருபது வருடம் நாளுக்கு இரண்டு பெரிய பாட்டில் குடித்து ஏப்பம் விட்டார். கெட்டது போகவில்லை, இரண்டு கால்விரல்கள் போயின. மனைவி கத்தாலுக்கும் சர்க்கரை. அவளுக்குக் கண் மங்கிவிட்டது. சர்க்கரை இறங்காவிட்டால் லோலின் கால் புண் ஆறாது, பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும், இனி அந்தப் பாட்டிலைத் தொடவே கூடாது என்று நர்ஸ் கண்டித்து அனுப்பினாள். அன்றிலிருந்து அவர் தொடவில்லை.

"பாதம் போனா போகட்டும்டி. அவ வந்தா மட்டும் ஒரு குவளை குடிப்பேன்," என்றார் கத்தாலிடம்.

"அவ வந்தப்போ ரெண்டு காலும் முழுசாத்தானே இருந்துச்சு? அன்னைக்கே குடிச்சிருந்தா என்னவாம்?"



ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் வந்தே விட்டார்கள். முன்னால் பேச வந்த அந்துன் கிழவர், பின்னால் நான்கு பெட்டிகளைச் சுமந்துகொண்டு மருமகன், கடைசியில் பஷ்கு. மெலிந்து போயிருந்தாள். லோலுக்கு எழுந்து ஓடிக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. முறை என்று ஒன்று இருக்கிறதே, உட்கார்ந்தே இருந்தார்.

ஜோடி மண்டியிட்டது. அந்துன் பாதிப் பேச்சில் இருக்கும்போதே பஷ்கு அப்பாவின் கட்டுப்போட்ட காலைப் பார்த்துவிட்டாள்.

"அப்பா, கால்ல என்ன?"

"ஒண்ணுமில்ல. நீங்க ஊத்துங்க தாத்தா."

"ஊத்தாதீங்க!" என்று அடுப்படியிலிருந்து கத்தினாள் கத்தால். "சர்க்கரை அந்த மனுஷனுக்கு. ரெண்டு விரல் போயிருச்சு. இன்னும் பாதத்தையும் குடுக்கணுமா?"

குவளை அந்துனின் கையில் நுரைத்துக்கொண்டு நின்றது. அவர் இதைப் போல நூறு பஞ்சாயத்து பார்த்தவர்.

"அதுக்கென்ன, வழி இருக்கு. குடிக்க முடியாதவருக்குப் பதிலா அவர் வீட்டு ஆள் ஒருத்தர் குடிச்சாப் போதும். கத்தாலு, நீ வாம்மா."

"எனக்கும் அதே சீக்குதான் தாத்தா."

"அப்ப வேற யாரு இருக்கா இந்த வீட்ல?"

யாரும் இல்லை. இருந்தது ஒரே மகள். லோல் கையை நீட்டிக் குவளையை வாங்கினார். ஒரு கணம் அதைப் பார்த்துவிட்டு, மண்டியிட்டிருந்த பஷ்குவிடம் நீட்டினார்.

"இவ என் வீட்டு ஆளு. இவ குடிக்கட்டும்."

"அடப்பாவி, மன்னிப்புக் கேக்க வந்தவளே குடிக்கிறதா? இந்த வயசுல இதையும் பாக்கணும்னு என் தலையில எழுதியிருக்கு," என்று அந்துன் சிரித்தார்.

பஷ்கு இரண்டு கையாலும் குவளையை வாங்கினாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஆனால் குடிக்கவில்லை. மருமகன் தலையைக் குனிந்துகொண்டான். தன்னைப் போலவே இவளும் வீம்பு பிடிக்கிறாளோ என்று லோல் பயந்தார்.

"குடிம்மா," என்றார். கெஞ்சுவது போலத்தான் குரல் வந்தது.

"முடியாதுப்பா. எனக்கும் வந்திருச்சு. ரெண்டு வருஷமாச்சு."

அவளுக்கு வயது இருபத்தாறு. அடுப்படியில் கத்தால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பால் குடிக்கிற வயதில் இவள் அழுதபோதெல்லாம் பாட்டிலில் கோலா ஊற்றிக் கொடுத்தது யார் என்பது வீட்டில் இருவருக்குமே தெரியும். லோல் குவளையைப் பஷ்குவின் கையிலிருந்து பிடுங்கித் தள்ளி வைத்தார். கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து இறங்கி அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"கால் மரத்துப் போகுதா?"

"அப்பப்போ."

"செருப்பைக் கழட்டு."

அவள் கழற்றினாள். அவர் ஒவ்வொரு விரலாகத் தொட்டு, அழுத்தி, "இங்க தெரியுதா? இங்க?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

அந்துனுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்ப்பா லோல், யாரும் குடிக்கலையே. இப்ப இது மன்னிப்பா, இல்லையா? ஊருக்கு நான் என்னன்னு சொல்றது?"

"சும்மா இருங்க தாத்தா," என்றார் லோல், தலையை நிமிர்த்தாமல். "எம்பொண்ணு காலைப் பாத்துக்கிட்டிருக்கேன்."