1974ஆம் வருடத்து அலமாரி

போன அக்டோபரில் ரோசா வாங்கிய அலமாரியிலிருந்து 1989இல் இரவல் எடுத்த புத்தகத்தை, மூலக்குளம் தெய்வசிகாமணி டிசம்பர் ஏழாம் தேதி காலை பத்து மணிக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். மின்துறையில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். அன்று லேசாகத் தூறிக்கொண்டிருந்தது.

ரோசாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஒரு தனியார் பள்ளியில் எழுத்தர். உப்பளம் பகுதியில் அவளுடைய அப்பா 1974இல் கட்டிய வீட்டில், அம்மா போன பிறகு தனியாக இருந்தாள். பிரான்சில் இருக்கும் தம்பி ஜெஸ்டின் ஞாயிறு பூசை முடிந்ததும் வீடியோ காலில் வருவான். வாரத்தில் அந்த வீட்டுக்குள் கேட்கும் இன்னொரு குரல் அதுதான். "என்னக்கா, பின்னாடி ஆஸ்பத்திரி சுவரு மாதிரி இருக்கு?" என்று ஒருநாள் கேட்டான். அவன் மனம் கஷ்டப்படக்கூடாது என்று அடுத்த வாரமே மூன்று மலிவான பார்ட்டிகிள் போர்டு ரேக்குகளை வரவழைத்தாள். கைபட்டால் ஆடக்கூடியவை. மூன்றையும் ஒட்டி நிறுத்தித் திருகாணி போட்டு இணைத்தாள். சுவருக்கும் ரேக்குக்கும் நடுவே இருந்த இடைவெளியை மரச்சட்டத்தால் மூடினாள். தட்டுகள் கனமாகத் தெரிய விளிம்பில் பீடிங் என்னும் மெல்லிய மரச்சட்டம் ஒட்டி, உச்சியில் வளைவாக ஒரு கட்டை வைத்து, பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, இரண்டு கை பச்சை எனாமல் அடித்தாள். வேலை முடிய பதினெட்டு நாள் ஆனது. சுவரோடு சேர்த்து ஆசாரி செய்தது போல இருந்தது.

அங்கேதான் ஒரு பிழை செய்தாள். பிரெஞ்சுக்காரர் தெருக்களில் பழைய வீடுகளின் முகப்பில் கட்டிய வருடம் போட்டிருக்கும். அது அழகாக இருக்கும் என்று அலமாரியின் உச்சியில் 2024 எழுதாமல், வீட்டின் வருடமான 1974ஐ எழுதிவிட்டாள். அலமாரி அதை நம்பிவிட்டது. அந்த ஞாயிறே ஜெஸ்டின், "இது அப்பா அலமாரி இல்ல? இதுல ஏறி விழுந்துதான எனக்கு மோவாய் கிழிஞ்சுது!" என்று தழும்பைக் காட்டினான். அந்தத் தழும்பு கடற்கரையில் சைக்கிளிலிருந்து விழுந்து வந்தது. ரோசாதான் அன்று அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியவள்.

தெய்வசிகாமணியிடம் அவள் உண்மையையே சொன்னாள். "ஐயா, இது அக்டோபர்லதான் வாங்கினது."

"உங்கப்பாவும் இப்பிடித்தான் தமாஷ் பண்ணுவாரு. ஓரம் நனைஞ்சிட்டுது, திட்டாதீங்க," என்று சிரித்தார். ரோசாவின் அப்பா யாரிடமும் தமாஷ் பண்ணியதில்லை. தேங்காய் சாகுபடி பற்றிய அந்தப் புத்தகத்தை மூன்றாம் தட்டில் வைத்துவிட்டு, காபி குடித்து, அரைமணி நேரம் பேசியிருந்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு வாரத்துக்கு ஏழெட்டுப் பேர் புத்தகம் திருப்ப வந்தார்கள். கருவடிக்குப்பத்திலிருந்து ஒரு நர்சு, வில்லியனூரிலிருந்து நெல் வியாபாரி ஒருவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, கைத்தடியோடு வந்த பழைய சொல்தா ஒருவர். எல்லாரும் அந்த வீட்டில் கிடைத்த அன்பைச் சொல்லிக் கண்கலங்கினார்கள். செய்யாத உபகாரத்துக்கு நன்றி வாங்குவது திருட்டாகுமோ என்று ரோசா பயந்து, பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாள். "நன்றி முந்திக்கிட்டு வந்திருக்கும்மா. நீ பின்னாலயே போயி அந்த நல்லதச் செஞ்சிடு," என்றார் பங்குச் சாமியார். ரோசா அன்றிலிருந்து கூடுதலாகப் பால் வாங்கினாள்.

ஆனால் வந்தவர் யாரும் மறுபடி வரவில்லை. வேறு புத்தகம் எடுத்துப் போங்கள் என்று கெஞ்சினாலும், "ஒண்ணத் திருப்பவே முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சும்மா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். தட்டுகள் நிறைந்துகொண்டே வந்தன. தவக்காலத்தின் மூன்றாம் வாரத்தில் கடைசித் தட்டில் ஒரு புத்தகத்துக்கு மட்டும் இடம் இருந்தது. அதுவும் நிறைந்தால் இந்த வீட்டுக்கு வர யாருக்கும் காரணம் இருக்காது. கேட் சத்தம் கேட்டால் ஓடிப்போய்த் திறந்தவள், இப்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அலமாரியை இன்னொரு வரிசை நீட்டலாம்தான். பலகை விலைகூட விசாரித்தாள். பொய்யை அளந்து வெட்ட மனம் வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வந்தவள் சின்னப்பாப்பா. வம்பாகீரப்பாளையத்திலிருந்து கூடையில் மீன் கொண்டுவந்து பல வருடமாக அதே தெருவில் விற்பவள். ரோசாவும் அவளும் விலையைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை. அன்று கூடை இல்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அட்டையில்லாத ஒரு தடித்த கதைப்புத்தகத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். ரோசா கடைசித் தட்டைக் கையால் காட்டினாள்.

"வைக்க வரல ரோசாம்மா. எனக்கு எழுத்துத் தெரியுமா என்ன? பாதிதான படிச்சிக் காட்டின. மடியில கெடந்த எம் பொண்ணு அழுதான்னு எழுந்து போயிட்டேன். அந்தக் கதைல வர்ற பொண்ணு கப்பல்ல ஏறினாளா இல்லியா?"

தான் படித்துக் காட்டவே இல்லை என்று ரோசா சொல்லியிருக்கலாம். "ஒக்காரு. எங்க விட்டோம்?" என்றாள்.

"மூலைய மடிச்சி வச்சது நீதான. என்னக் கேக்குற!"

மடிப்பு நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது. அன்று மூன்று பக்கம் படித்தார்கள். சின்னப்பாப்பா நடுநடுவே அந்தப் பெண்ணைத் திட்டினாள், அவளுடைய மாமியாரை இன்னும் அதிகமாகத் திட்டினாள். மறுநாளும் அதன்பிறகு தினமும் மீன் விற்று முடித்து மூன்று மணிக்கு வந்தாள். பெண் கப்பலில் ஏறுவது நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் என்று ரோசா முன்னமே பார்த்துவைத்திருந்தாள். தொண்ணூற்றாறை எட்டியபோது, முன்கதை மறந்துவிட்டது, முதலிலிருந்து படி என்றாள் சின்னப்பாப்பா.

ரோசா முதல் பக்கத்தைத் திருப்பினாள். மடியில் கிடந்த அந்தக் குழந்தை அன்றைக்கு விட்டு விட்டு அழுதது அவளுக்கும் இப்போது நன்றாக நினைவிருந்தது. கொஞ்சம் சத்தமாகவே படித்தாள்.