சூடான கல்லில் தண்ணீர்

விடிவதற்குள் கிரைண்டர்கள் அலற ஆரம்பித்துவிட்டன. ஷார்ஜாவின் அந்தத் தகரக் கொட்டகையில் ஆப்பிரிக்கக் கற்களின் தூசி மூக்கிலும் இமையிலும் அப்பியது. கென்யாவிலிருந்து வந்த மாக்கல்லை ஜெயமணி அரத்தால் இழைத்துக்கொண்டிருந்தான். நம் ஊர்க் கல்சட்டிக்கல்தான், நகம் பட்டாலே கோடு விழும். அடுத்த மேடையில் ஜிம்பாப்வேயின் பச்சைக் கல். கடைசி மேடையில் இரும்பாய் இறுகிய கறுப்பு ஸ்பிரிங்ஸ்டோன். எல்லாம் ஹோட்டல் வாசல்களில் நிற்கப்போகிற சிலைகள்.

அந்தக் கடைசி மேடையில் ஆளில்லை. மேஸ்திரி கார்மேகத்துக்கு அந்தப் பக்கம் திரும்பவே தெம்பில்லை.

முந்தாநாள் அங்கே ஜிம்பாப்வேக்காரன் டென்டாய் ஒரு தாய்-பிள்ளைச் சிலைக்குச் சூடுகாட்டி, மெழுகு தேய்த்து, ஆறவிட்டிருந்தான். அந்தக் கல் தானாகத்தான் ஆற வேண்டும். "லாரி நிக்குது, யல்லா யல்லா!" என்று முதலாளி விஜயபாஸ்கர் விரட்டினார். கார்மேகம் மேலூர் கிரானைட் பட்டறையில் வளர்ந்தவர். அங்கே நெருப்புக் காட்டிய கையோடு தண்ணீர் அடிப்பார்கள், கிரானைட் தாங்கும். இதுவும் கல்தானே என்று தண்ணீர் டியூபை எடுத்தார்.

"பாய், பானி மாஃபி! பானி மாஃபி!" என்று, தண்ணீர் கூடாது என்பதைத் தனக்குத் தெரிந்த வளைகுடா இந்தியில் கத்திக்கொண்டு, டென்டாய் குறுக்கே ஓடிவந்தான்.

கல்லைப் பற்றி எனக்கே பாடமா என்கிற திமிர் கார்மேகத்துக்கு. தண்ணீர் பட்டதும் சிலை வெடித்தது. தடுக்க வந்தவன் கண்ணில் சில்லு பாய்ந்தது.

கொட்டகை முழுக்கப் பார்த்தது. ஆனால் மேஸ்திரியின் தயவு எல்லோருக்கும் வேண்டுமே. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்குப் பதில் யாராவது தன்னைச் செருப்பால் அடித்திருக்கலாம் என்று கார்மேகத்துக்கு இருந்தது.

இன்று காலை விஜயபாஸ்கர் அவரிடம் வந்தார். "இன்சூரன்ஸ் ஆள் வர்றாரு. டென்டாயே தண்ணி ஊத்திக்கிட்டான்னு சொல்லிடு. அவன் விசாவை கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிடறேன்."

"கண்ணுல ஆபரேஷன் பண்ணணும்னு ஆஸ்பத்திரில கெடக்கான் சார்."

"அவன் தப்புன்னா என் தலையில விழாது. இல்லேன்னா உன் தலையிலதான். ஊருக்குப் போறியா?"

ஊரில் கார்மேகத்தின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவர் ஆளில்லாத கடைசி மேடையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, கிரைண்டர் சத்தத்தையும் மீறிக் கத்தினார்.

"தண்ணி ஊத்துனது நான்! அவன் வேணாம் வேணாம்னான், நான் கேக்கல!"

கிரைண்டர்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

"அப்ப நீ ஏர்போர்ட்டுக்குக் கெளம்பு," என்றார் முதலாளி.

ஜெயமணி அரத்தைக் கீழே வைத்தான். "அண்ணன் ஊத்துனாரு, சரி. ஆறவிடாம வெரட்டுனது யாரு? கண்ணுக்குக் கண்ணாடி கேட்டப்பல்லாம் மாஃபின்னது யாரு?"

"நீயும் போறியா?"

"எத்தனை பேரை அனுப்புவீங்க சார்?"

நேபாளிகளும் வங்காளிகளும் டென்டாயின் ஊர்க்காரர்களும் மேடைகளை விட்டு இறங்கினார்கள். ஒருவர் முகத்திலும் வீரம் இல்லை, பயந்துதான் நின்றார்கள்.

"என்னால உங்களுக்கெல்லாம் எதுக்குடா கஷ்டம்," என்றார் கார்மேகம்.

"உங்க மேல இருக்கற கோவம் தீரலண்ணே," என்றான் ஜெயமணி. "நாங்களும் பாத்துட்டுப் பேசாம இருந்தவங்கதானே. இனிமே முடியாது."

கேட் திறந்தது. இன்சூரன்ஸ் ஆள் வந்து, விபத்தைப் பார்த்தது யார் என்று இந்தியில் கேட்டார். கார்மேகம் கையைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் ஜெயமணியின் கை உயர்ந்தது. பிறகு கொட்டகையில் தூக்காத கை முதலாளியுடையது மட்டும்தான்.