நேர்ந்துவிட்ட சேவலின் கொண்டை

எம். புதுப்பட்டியில் சரவெடி பின்னுகிற பெண்களில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் பொய், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். மற்றவள் ஒரு சரம் பின்னி முடிப்பதற்குள் லட்சுமிகாந்தம் இரண்டாவதைக் கட்டிப் போட்டிருப்பாள் என்று மேஸ்திரியே சொல்வார். அப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு, என் மகளுக்கு அம்மை போட்டபோது ஒன்பது நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அது ஐம்பத்தேழு, தை மாதம். பொன்னுத்தங்கத்துக்கு அப்போது ஐந்து வயது. இரண்டு கண்ணும் ஒட்டிக்கொண்டன. இடது கண்ணில் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. கண் திறந்தால், நான் குஞ்சிலிருந்து வளர்த்த சிவப்புச் சேவலை ஆடிக் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடியில் கொண்டுவந்து விடுகிறேன் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். பத்தாம் நாள் கண் திறந்தது. வெள்ளையும் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. அன்றைக்கே சேவலின் காலில் மஞ்சள் நூல் கட்டிவிட்டேன். மஞ்சள் நூல் ஏறிவிட்டால் அது சாமி சேவல். மாற்றிக் கொடுக்க முடியாது.

சாமி சேவலை மற்றக் கோழிகளோடு குப்பை கிளற விடலாமா? நான் விடவில்லை. செவ்வாயும் வெள்ளியும் மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டினேன். வெயில் படாமல் அடுக்களைக்குப் பின்னால், கோழி அடைக்கிற கூடையான பஞ்சாரத்தைக் கவிழ்த்து, அதற்குள் வைத்தேன். இந்த ஊரில் நேர்ந்த உயிருக்கு இம்புட்டு மரியாதை செய்தவர் யாரும் இல்லை.

ஆனி பிறந்ததும் அதன் கொண்டையில் வெள்ளையாகத் தூள் படிந்திருந்தது. மாவு ஒட்டியிருக்கிறது என்று துடைத்தேன், போகவில்லை. ஒரே வாரத்தில் கொண்டை முழுவதும் பொருக்குத் தட்டி, கழுத்தில் இறகும் கொட்ட ஆரம்பித்தது. கிட்டப் போனால் பூஞ்சக்காளான் வாடை.

பக்கத்து வீட்டுப் பாலம்மாள் வந்து பார்த்தாள். வருசா வருசம் தீச்சட்டி எடுக்கிறவள். அருள் வந்து அவள் ஒரு வார்த்தை சொன்னால் தெருவே கேட்கும். பார்த்த மாத்திரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“ஆத்தா அவ சேவல் மேலயே வந்து எறங்கியிருக்கா லட்சுமி. வேப்பிலையத் தவிர எதையும் வச்சிராத. மருந்து போட்டியன்னா, எந்தக் கண்ணுக்காக நேந்தியோ அந்தக் கண்ணையே கேட்டுருவா.”

மருந்து போட்டால் பிள்ளையின் கண் போய்விடும் என்கிறாள். போடாவிட்டால் சேவல் கெடும். குறையுள்ள சேவலை இருக்கன்குடியில் வாங்க மாட்டார்கள், நேர்த்திக்கடன் நின்றுபோகும். அப்போதும் பிள்ளையின் கண்ணுக்கு யார் பொறுப்பு? ஆடிக் கடைசி வெள்ளிக்கு இன்னும் எட்டு வாரம்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் மொக்கைச்சாமி விஸ்வநத்தத்தில் வெடிமருந்து கலக்குகிறவர். அதற்குப் பயப்படாத மனுசர் பாலம்மாளுக்குப் பயந்தார். பேசாமல் அவள் சொன்னபடி செய் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

இதற்கிடையில் என் இடது முழங்கைக்குக் கீழே வட்டமாக ஓர் அரிப்பு. புதன்கிழமை தோறும் கர்ப்பிணிகளைப் பார்க்க நர்சு தேவமணி எங்கள் ஊருக்கு வருவாள். அவளிடம் கையைக் காட்டினேன். படை என்றாள். அந்தக் கையில் எதைத் தூக்குவீர்கள் என்று கேட்டாள். சேவலை என்றேன். மனுசருக்குப் படித்தவளிடம் கோழிக்கு வைத்தியம் கேட்க வந்தீர்களா என்று சிரித்துக்கொண்டே கூடவே வந்து, பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

“அம்மைன்னா மிளகு மிளகாக் கெளம்பிக் கறுத்துப்போகும். இது மாவு தூவுன மாரி இருக்கு. கோழி அம்மை ஒங்க கையில ஏறாதுக்கா. இது ஏறியிருக்கு பாருங்க. ரெண்டும் ஒரே படைதான்.”

மற்றக் கோழிகளுக்கு ஏன் வரவில்லை என்று அவளே கேட்டாள். அவை குப்பை மேய்கிற கோழிகள், இது சாமி சேவல் என்று சொல்லி, மஞ்சள் தண்ணீரையும் நிழலையும் பற்றிப் பெருமையாக விவரித்தேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

“அதான் வந்திருக்கு. வாரம் ரெண்டு தடவ நனச்சு, வெயிலு காட்டாம, ஈரத்தோட மூடி வச்சா மனுசருக்கே வந்துருமே.”

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. குப்பை மேய்ந்ததெல்லாம் கொண்டை சிவக்கத் திரிகின்றன. நான் மரியாதை செய்த ஒன்றுதான் அழுகுகிறது. ஆத்தா இறங்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. அவள் பொருளை நான் கெடுத்திருக்கிறேன். கெடுத்த கைதான் சரிசெய்ய வேண்டும். ஒன்பது நாள் சும்மா இருந்த கை இன்னொரு தடவை சும்மா இருக்காது என்று முடிவு செய்தேன்.

நாட்டு மருந்துக் கடையில் கந்தகம் வாங்கினேன். நான் பிடிவாதமாக நிற்பதைப் பார்த்து, கம்பெனியிலிருந்து ஒரு சிட்டிகை கொண்டுவரவா என்று வீட்டுக்காரர் முனகினார். அதில் என்னென்ன கலந்திருக்குமோ, வேண்டாம் என்றேன். கொண்டையை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரால் ஊறவைத்து, இளகின பொருக்கை மட்டும் துணியால் எடுத்து, ஈரம் போகத் துடைத்து, தேங்காயெண்ணெயில் குழைத்த கந்தகத்தைக் கண்ணில் படாமல் தடவ வேண்டும். தேவமணி சொன்னது அதுதான். பழைய வைக்கோலை எரித்தேன். பஞ்சாரத்தை மூன்று நாள் வெயிலில் காயப்போட்டேன். தரைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். மஞ்சள் குளியலை நிறுத்தி, சேவலை நீளக் கயிற்றில் வாசலில் வெயில் பார்க்கக் கட்டினேன். மற்றக் கோழிகளைக் கிட்ட விடவில்லை. என் கைக்கும் நர்சு கொடுத்த களிம்பைப் போட்டேன்.

வாசலில் கட்டியதால் தெருவே பார்த்தது. பாலம்மாள் பேச்சை நிறுத்திவிட்டாள். குழாயடியில் நான் குடம் வைத்தால் நாலு பேர் விலகி நின்றார்கள். போங்கடி, தண்ணீர் சீக்கிரம் கிடைக்கிறது என்று பிடித்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் பொன்னுத்தங்கம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். இடது கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்து நீர் ஒழுகியது. எனக்கு உயிரே போய்விட்டது. வீட்டுக்காரர் கந்தகக் கிண்ணத்தைத் தூக்கி வெளியே வீசினார். நான் பிள்ளையின் கையைப் பிடித்து மோந்து பார்த்தேன். கந்தக வாடை. சேவலைத் தடவிவிட்டு அதே கையால் கண்ணைக் கசக்கியிருக்கிறாள். தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவினேன். பொழுது சாய்வதற்குள் சிவப்பு வடிந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஊர் முழுக்கச் சேதி போய்விட்டது.

மறுநாள் புதிதாகக் கந்தகம் குழைத்தேன். பிள்ளையை உள்ளே உட்காரவைத்துவிட்டுத் தடவினேன். சரம் பின்னுவதில் யாருக்கும் சளைக்காத கை, ஒரு கொண்டையைத் தடவ அன்றைக்கு அரை மணி நேரம் எடுத்தது. ஆனாலும் ஒரு நாள்கூட விடவில்லை.

ஐந்தாவது வாரம் பொருக்கு உதிர்ந்தது. ஆடி பாதிக்கு மேல் கழுத்தில் புது இறகு முளைத்து, கொண்டை செம்பருத்தியாகச் சிவந்தது. வேலைக்குப் போகிறவர்களெல்லாம் எங்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் வேண்டுமென்றே அதை வாசலிலேயே கட்டிவைத்தேன்.

கடைசி வெள்ளிக்குத் தெருவே வண்டி கட்டிக்கொண்டு இருக்கன்குடிக்குப் போனோம். காணிக்கைச் சேவல் வாங்குகிறவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, இரண்டைக் குறை என்று ஒதுக்கினார். என் முறை வந்தது. கொண்டையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இம்புட்டு லட்சணமாக இருக்கிறதே, எப்படி வளர்த்தீர்கள் என்று கேட்டார். எல்லாம் ஆத்தா அருள் என்று சொல்லியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். பின்னால் பாலம்மாள் நின்றாள். ஆத்தா சந்நிதியில் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

“படை வந்துச்சுய்யா. என் தப்பால வந்துச்சு. கந்தகம் தடவி நானே கொணமாக்கிக் கொண்டாந்திருக்கேன்.”

அவர் கொண்டையை இன்னொரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் சேவலை வாங்கி, தூரத்தில் கட்டியிருந்த சேவல்களின் வரிசையில் கொண்டுபோய்க் கட்டினார்.

பாலம்மாள் முன்னால் வந்தாள். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு எங்களிடம் பேசினாள், அதுவும் என்னிடம் இல்லை. ஒன் சேவல் இங்கன இருந்து தெரியுதா என்று பொன்னுத்தங்கத்தைக் கேட்டாள். எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் மட்டும் பார்த்தாள்.

“அந்தா, கடைசிக்கு மூணாவது. கொண்டை செக்கச்செவேல்னு இருக்கு.”

பாலம்மாள் கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்தாள். எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. எங்கள் தெருக்காரர் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, இன்னொரு தடவை சத்தமாகச் சொல் என்று பிள்ளையிடம் சொன்னேன்.